ஐயுறுதலும் அறமோ?

2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 19ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டார். எச்-1பி என்னும் வேலை விசா கேட்டுப் புதிதாக விண்ணப்பிக்கும் நிறுவனம் ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் ஒரு லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நம் சங்க நூலகத்தில் நாளிதழ் புரட்டியவர்களின் முகங்களில் கவலை படிந்திருந்தது. மகளை அங்கே கட்டிக் கொடுத்தவர், பேரனைப் படிக்க அனுப்பியவர், மருமகனின் வேலை நிலைக்குமா என்று ஏங்குபவர் எனக் கடல் கடந்த கிளை இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று தலைநகரில் அரிது. ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்து, "ஏன் சார், ஒரே ஒரு ஆள் கையெழுத்துப் போட்டால் போதுமா? அந்த ஊரில் கேட்பாரே இல்லையா?" என்றார். நமக்கு அரசியல் நூல்களில் பயிற்சி உண்டு என்றொரு தவறான எண்ணம் சங்கத்தில் நிலவுகிறது. அன்று ஏதோ சொல்லி மழுப்பினோம். அந்த மழுப்பலுக்கு உரிய கடனை இக்கட்டுரையில் தீர்க்க முயல்கிறோம்.

கேட்பார் உண்டா என்ற அக்கேள்வி நம்மை இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நாம் அமர்ந்திருந்த ஒரு நாற்காலிக்கு இழுத்துச் சென்றது. மைய அரசுப் பணியில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில் சில காலம் காசாளர் இருக்கை நமக்கு வாய்த்தது. அலுவலகத்து இரும்புப் பெட்டிக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி நம்மிடம், மற்றொன்று அதிகாரியிடம். இருவரும் கூடி நின்றாலன்றிப் பெட்டி திறவாது, மூடவும் மூடாது. அதிகாரி ஏதேனும் கூட்டத்தில் இருந்தால், மாலை ஏழு மணி வரை அவருக்காகக் காத்திருந்து பேருந்தைத் தவற விட்ட நாட்கள் பல. காத்திருப்பதைக் காட்டிலும் நம்மை வருத்தியது வேறொன்று. 'நம்மை நம்பவில்லை அல்லவா?' என்னும் எண்ணமே அது. ஒரு நாள் வாய் விட்டுச் சொல்லியும் விட்டோம். வங்காளத்தவரான அந்த அதிகாரி சினங்கொள்ளவில்லை. தம் சாவியை மேசை மீது வைத்து, என்றேனும் ஒரு நாள் கணக்கில் பணம் குறையும், அன்றிரவு உனக்கு உறக்கம் வருமாயின் அது இந்தச் சாவி என் சட்டைப் பையில் இருந்ததால் வந்த உறக்கமாக இருக்கும் என்னும் பொருள்பட இந்தியில் கூறினார். அடுத்த ஆண்டே 500 ரூபாய் குறைந்தது. கொடுத்த தொகை ஒன்றைப் பதிவேட்டில் ஏற்றாதது காரணமென்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த இரண்டு நாளும் நம்மை எவரும் கள்வன் என்று நோக்கவில்லை.

ஆயினும் அறநூல் நோக்கில் பார்த்தால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. வள்ளுவப் பெருந்தகை 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் அவனை ஐயுறுவதும் ஒருங்கே தீராத் துன்பம் தரும் என்பது அதன் இறுதிக் குறள் உணர்த்தும் கருத்து. அங்ஙனமாயின், கோடிக்கணக்கான மக்கள் ஆராய்ந்து வாக்களித்துத் தேர்ந்த ஒருவரை, பதவியேற்ற நாள் முதலாக இடைவிடாது ஐயுறுவதையே அடித்தளமாகக் கொண்ட ஓர் அரசமைப்பைப் பற்றி நாம் என்ன சொல்வது? அமெரிக்க அரசமைப்பு அத்தகையதே.

1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் 55 பேர் கூடி அதனை உருவாக்கினர். அவர்களுள் ஜேம்ஸ் மாடிசன் என்பவர் அடுத்த ஆண்டில் எழுதிய கட்டுரைகளில் அதன் உட்கருத்தைக் காணலாம். மனிதர் தேவர்களாயின் அரசே வேண்டுவதில்லை. ஆள்வோர் தேவர்களாயின் அரசைக் கட்டுப்படுத்த வேண்டுவதில்லை. இரண்டும் இல்லாமையால், ஒரு பதவியாளனின் ஆசைக்கு எதிரே மற்றொரு பதவியாளனின் ஆசையை நிறுத்துவதே வழி என்பது அவர் கொள்கை. நம் இலக்கியங்கள் மன்னனின் நெஞ்சில் அறம் இருக்கிறதா என்று கேட்கும். மாடிசன் நெஞ்சைப் பற்றிக் கேட்கவில்லை; பூட்டுகளை எண்ணினார். முதலில் படித்தபோது இது நமக்குச் சற்றுக் கசந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

அதிகாரத்தை மூன்று அறைகளாகப் பிரித்து இடையே சுவர் எழுப்பியதே அமெரிக்க முறை என்று பள்ளிப் பாடங்களில் படித்திருப்போம். அது பாதி உண்மை. ஆட்களைப் பொறுத்தவரையில் சுவர் உண்டு. நம் நாட்டில் அமைச்சர் நாடாளுமன்றத்தில் அமர்ந்தாக வேண்டும். அங்கே ஆட்சித் துறையில் பதவி வகிப்பவர் காங்கிரஸ் என்னும் சட்டமன்றத்தின் எந்த அவையிலும் உறுப்பினராக இருத்தல் ஆகாது. ஆனால் பணிகளைப் பொறுத்தவரையில் ஒவ்வோர் அறைக்கும் அடுத்த அறைக்குள் திறக்கும் கதவு உண்டு. மாடிசனே இதனை வற்புறுத்திக் கூறுகிறார். 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையும் 100 பேர் கொண்ட செனட் சபையும் நிறைவேற்றிய சட்டத்தைக் குடியரசுத் தலைவர் வீட்டோ என்னும் மறுப்பால் திருப்பி அனுப்பலாம். ஈரவைகளும் மூன்றில் இரு பங்கு வாக்கினால் அந்த மறுப்பை மீறலாம். அவர் செய்துகொள்ளும் உடன்படிக்கைக்குச் செனட்டில் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும். அமைச்சர்களையும் நீதிபதிகளையும் அவர் முன்மொழிவார். செனட் ஒப்ப வேண்டும். சட்டமின்றிக் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்க இயலாது. படையின் தலைமை அவருடையது. ஆனால் தரைப்படைக்கென ஒதுக்கும் பணம் எதுவும் இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட காலத்திற்கு ஒதுக்கப்படலாகாது. வாள் ஒரு கையில், பணப்பை மறு கையில்.

எழுத்தர் வேலையில் தலை நரைத்து வரும் நமக்கு இவற்றையெல்லாம் விடச் சுவையாகப் படுவது சம்பள விதிகளே. குடியரசுத் தலைவரின் பதவிக் காலத்தில் அவர் ஊதியத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நீதிபதிகளின் ஊதியத்தைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. ஏன் இந்த வேறுபாடு? குடியரசுத் தலைவர் நான்கு ஆண்டுக்கு வருபவர். நீதிபதி ஒழுங்காக நடக்கும்வரை வாழ்நாள் முழுதும் இருப்பவர், விலைவாசி ஏறினால் அவருக்கு உயர்வு வேண்டுமல்லவா? ஒருவன் பிழைப்பு எவன் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் அவன் மனமும் இருக்கும் என்பதை அலெக்சாண்டர் ஹாமில்டன் நன்கு உணர்ந்திருந்தார். அகவிலைப்படி ஆணையை எதிர்நோக்கி வாழும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

காங்கிரஸ் உறுப்பினர் தம் சம்பளத்தைத் தாமே உயர்த்திக்கொண்டால் என்ன செய்வது? இடையில் ஒரு தேர்தல் நடந்த பின்னரே அந்த மாற்றம் நடைமுறைக்கு வர வேண்டும் என்று 1789இல் மாடிசன் ஒரு திருத்தம் கொணர்ந்தார். போதிய மாநிலங்கள் அதனை ஏற்கவில்லை. கோப்பு உறங்கியது. 1982இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அத்திருத்தம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆசிரியர் குறைந்த மதிப்பெண்ணே கொடுத்தார். மாணவர் சோர்வுறாமல் மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார். 1992இல் அது 27ஆம் திருத்தமாக நிறைவேறியது. இருநூற்று இரண்டு ஆண்டுகள் நிலுவையில் கிடந்த கோப்பு! நம் அலுவலகங்களைக் குறை கூறுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

நிற்க. பூட்டுகள் இத்தனை இருந்தும், இடர் வந்த நாட்களில் நிகழ்ந்தது என்ன?

1952இல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய நாள் குறித்தனர். போர்க்களத்தில் படைகள் நிற்க, எஃகு நின்று போவதா? ஏப்ரல் 8ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆலைகளை அரசு கைப்பற்ற ஆணையிட்டார். இத்தகைய நிலைக்கெனக் காங்கிரஸ் 1947இல் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. ட்ரூமன் அதனை மறுத்தும், அவர் மறுப்பை மீறி நிறைவேறிய சட்டம் அது. தாம் வெறுத்த அச்சட்டத்தின் வழியைத் தவிர்த்துவிட்டுத் தம் பதவியிலேயே அந்த அதிகாரம் அடங்கியிருக்கிறது என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் ரூஸ்வெல்ட் நியமித்தவர். நால்வர் ட்ரூமனே நியமித்தவர். ஒன்பதின்மரும் ஒரே கட்சித் தலைவர்களால் அமர்த்தப்பட்டவர்கள். ஜூன் 2ஆம் நாள் ஆறு பேர் ட்ரூமனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அந்த ஆறு பேருள் இருவர் அவரால் நியமனம் பெற்றவர்கள். ஒருவரான டாம் கிளார்க், அவரிடமே அட்டர்னி ஜெனரலாகப் பணியாற்றியவர். ட்ரூமன் உடனே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தம் ஏழு வாரத்திற்கு மேல் நீடித்தது. நீதிபதிகளிடம் படை இல்லை, பணம் இல்லை. ஒரு காகிதத்தை மதித்து உலகின் பேராற்றல் வாய்ந்த பதவியாளர் பின்வாங்கினார்.

அந்த அறுவருள் ராபர்ட் ஜாக்சன் என்பவரைப் பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். 1941இல் ரூஸ்வெல்ட் ஒரு விமான ஆலையைக் கைப்பற்றியபோது அட்டர்னி ஜெனரலாக இருந்து அது சரியே என்று வாதிட்டவர் அவர். பதினோராண்டு கழித்து அரசின் வழக்கறிஞர்கள் அவர் பழைய சொற்களையே எடுத்து அவர் முன் வைத்தனர். ஒரு தரப்பின் வழக்கறிஞர் சொன்னதை நீதிபதி சான்றாகக் கொள்ள முடியாது, அந்த வழக்கறிஞர் தாமே ஆயினும் கொள்ள முடியாது என்னும் கருத்தில் அவர் தம் தீர்ப்புரையில் விடை எழுதினார். இதனைப் படித்தபோது நமக்கு முதலில் தோன்றியது, 'நாக்கு இரண்டா?' என்பதே. எண்ண எண்ண வேறொன்று விளங்கியது. அன்று அவர் அமர்ந்திருந்தது ஒரு நாற்காலி, இன்று வேறொன்று. முதல் நாற்காலிக்குரிய கடமை தலைவரின் வழக்கை வாதிடுவது. இரண்டாவதற்குரிய கடமை அதனைத் துலாக்கோலில் நிறுத்துவது. மனிதன் மாறாமல் இருக்க வேண்டுமென்று நாம் அறம் பேசுகிறோம். இருக்கை மாறினால் கடமையும் மாறும் என்பதும் அறத்தின் பாற்பட்டதே. நன்றி மறவாமை நம் மரபில் தலையாய அறம். ஆனால் நியமித்தவருக்கு நன்றி காட்டத் தீர்ப்பு எழுதுபவன் யாருடைய பொருளைக் கொண்டு நன்றிக் கடன் தீர்க்கிறான்?

இருக்கையின் கடமை இன்னொரு வகையாலும் உருவாகும். 1973இல் வாட்டர்கேட் ஊழலை விசாரிக்க ஆர்ச்சிபால்ட் காக்ஸ் தனி வழக்கறிஞராக அமர்த்தப்பட்டார். அட்டர்னி ஜெனரல் பதவிக்கு எலியட் ரிச்சர்ட்சனைக் குடியரசுத் தலைவர் நிக்சன் முன்மொழிந்தபோது, ஒப்புதல் அளிக்கும் உரிமையைக் கொண்டு செனட் உறுப்பினர் அவரிடம் ஓர் உறுதிமொழி வாங்கினர்: மிகப் பெரிய முறைகேடு கண்டாலன்றித் தனி வழக்கறிஞரை நீக்குவதில்லை என்பதே அது. நிக்சனின் உரையாடல் ஒலிநாடாக்களைக் காக்ஸ் கேட்டார். அவரை நீக்கும்படி நிக்சன் ஆணையிட்டார். அக்டோபர் 20ஆம் நாள், சனிக்கிழமை. தம்மைப் பதவியில் அமர்த்தியவரின் ஆணை ஒரு பக்கம்; செனட்டுக்குக் கொடுத்த வாக்கு மறு பக்கம். ரிச்சர்ட்சன் பதவி விலகினார். அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஷாஸும் மறுத்து வெளியேறினார். மூன்றாமவரான ராபர்ட் போர்க் ஆணையை நிறைவேற்றினார். ஆயின் நாடு கொதித்தெழுந்தது. வேறொரு தனி வழக்கறிஞரை அமர்த்த வேண்டியதாயிற்று. 1974 ஜூலை 24ஆம் நாள் நாடாக்களைக் கொடுத்தே தீர வேண்டும் என்று எட்டு நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவர்களுள் மூவர் நிக்சன் நியமித்தவர்கள். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி பர்கரும் அவர்களில் ஒருவர். நிக்சன் நியமித்த நான்காமவர், முன்பு அதே நீதித் துறை அலுவலகத்தில் பணியாற்றியமையால் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். ஆகஸ்ட் 9ஆம் நாள் நிக்சன் பதவி துறந்தார்.

இவ்விரு வரலாறுகளோடு நிறுத்தினால் நாம் அமெரிக்காவுக்குப் பரணி பாடியவர் ஆவோம். மூன்று பூட்டுகளும் ஒருங்கே திறந்துகொண்ட நாளும் உண்டு. 1942 பிப்ரவரியில், போர் அச்சத்தில், ரூஸ்வெல்ட் ஓர் ஆணை பிறப்பித்தார். அடுத்த மாதமே காங்கிரஸ் அதனை மீறுவோரைத் தண்டிக்கச் சட்டம் இயற்றியது. சப்பானிய வழிவந்த ஏறத்தாழ 1,20,000 பேர் மேற்குக் கரையிலிருந்து பெயர்க்கப்பட்டு முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1944இல் ஃபிரெட் கோரமட்சு என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கமே நின்றது. எதிர்த்த மூவருள் நாம் மேலே கண்ட ஜாக்சனும் ஒருவர். 1988இல் காங்கிரஸ் மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தவர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் அளிக்கச் சட்டம் செய்தது. 2018இல்தான் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பு அன்றே பிழையானது என்று கூறியது. ஒருவர் ஆசையை மற்றவர் ஆசை தடுக்கும் என்றார் மாடிசன். ஆனால் மூவரையும் ஒரே அச்சம் பற்றிக்கொண்டால், சாவி மூன்றாயினும் கை ஒன்றே. வேற்று மாநிலத்தில், வேற்று மொழியினரிடையே வாழும் நமக்கு இந்த வரலாறு வெறும் அயல்நாட்டுச் செய்தியாகப் படவில்லை.

அச்சத்தைப் போன்றே பூட்டுகளை ஒன்றாக்குவது கட்சிப் பற்று. மாடிசன் செனட் உறுப்பினன் தன் அவையின் உரிமைக்காகப் போராடுவான் என எதிர்பார்த்தார். தன் கட்சிக்காரன் குடியரசுத் தலைவனாயின் அவ்வுரிமையைத் தானே நீட்டிக் கொடுப்பான் என்று போதிய அளவு எண்ணியதாகத் தெரியவில்லை. குடியரசுத் தலைவரைப் பதவி நீக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும், மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். செனட்டுக்கு வழக்கமாகத் தலைமை தாங்குபவர் துணைக் குடியரசுத் தலைவர். ஆனால் இவ்விசாரணைக்கு மட்டும் தலைமை நீதிபதி வருவார். நாற்காலி காலியானால் பயன் பெறுபவன் விசாரணைக்குத் தலைமை தாங்கலாமா? அத்துணை நுணுக்கமாக எண்ணியிருக்கின்றனர். ஆயினும் 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் விசாரணையின்போது துணைத் தலைவர் பதவி காலியாக இருந்தமையால், அடுத்துப் பதவிக்கு வரவேண்டியவர் செனட் உறுப்பினரான பெஞ்சமின் வேட். அவரும் வாக்களித்தார், குற்றவாளி என்றே வாக்களித்தார்! வேண்டியவை 36 வாக்குகள், கிடைத்தவை 35. ஜான்சனைக் காத்தவர்கள், அவரை நீக்கத் துடித்த குடியரசுக் கட்சியிலிருந்தே பிரிந்து நின்ற எழுவர். அவர்களுள் எட்மண்ட் ராஸ் பதவி நியமனச் சலுகைகளை மனத்திற் கொண்டே அவ்வாறு வாக்களித்தார் என்று கூறும் வரலாற்றாசிரியர் உளர். 1871இல் அவர் செனட் பதவியை இழந்தார்.

2021 பிப்ரவரியில் டொனால்ட் டிரம்ப் மீதான இரண்டாம் விசாரணையில் 57 பேர் குற்றம் உண்டென்றனர், 43 பேர் இல்லை என்றனர். 67க்குப் பத்துக் குறைவு. அவர் கட்சியிலிருந்தே அவருக்கு எதிராக வாக்களித்தவர் இங்கும் எழுவர்; அவர்களிற் சிலருக்குத் தம் மாநிலக் கட்சிகளின் கண்டனத் தீர்மானமே பரிசாயிற்று. எழுவர் செய்தது சரியா, நாற்பத்து மூவர் செய்தது சரியா என்னும் வழக்கிற்குள் நாம் நுழையவில்லை. அவரவர் தம் இருக்கையின் பொருட்டு வாக்களித்தனரா, தம் கட்சியின் பொருட்டா என்பதே நம் வினா. நீதிமன்றத்தைப் பற்றியும் ஒரே வண்ணத்தில் எழுதிவிட இயலாது. டிரம்ப் நியமித்த மூவரும் இருந்த மன்றம்தான் 2020 டிசம்பரில், தேர்தல் முடிவுகளை எதிர்த்து டெக்சாஸ் தொடுத்த வழக்கை ஏற்க மறுத்தது. அதே மன்றம்தான் 2024 ஜூலை 1ஆம் நாள், பதவிக்குரிய செயல்களுக்காகக் குடியரசுத் தலைவர் மீது குற்ற வழக்குத் தொடுப்பதற்கு எதிராகப் பெரும் பாதுகாப்பை ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் வழங்கியது. பிந்தைய தீர்ப்பு பெட்டியின் ஒரு பூட்டைத் தளர்த்திவிட்டது என்றே நாம் கருதுகிறோம். வேறாகக் கருதுவோரும் நம் சங்கத்தில் உண்டு.

இனி வள்ளுவரிடம் திரும்புவோம். தெளிந்தவனை ஐயுறலாகாது என்று அவர் கூறியது ஆளைப் பற்றி. அன்றாடம் ஆளை மோப்பம் பிடிக்கும் ஐயம் இருவரையும் அரிக்கும். இரண்டாம் பூட்டு ஆளை ஐயுறவில்லை, இருக்கையை ஐயுறுகிறது. காசாளனாக எவன் வந்து அமர்ந்தாலும் பூட்டு இரண்டே. நல்லவனுக்கு ஒன்று, அல்லாதவனுக்கு இரண்டு என்று வைத்தால்தான் அது அவமதிப்பு. நாம் வருந்திய காலத்தில் இவ்வேறுபாடு நமக்குப் புலப்படவில்லை. ஆனால் மாடிசனிடமும் நாம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நெஞ்சை நம்ப வேண்டா, பூட்டை நம்பு என்றீர். அந்தச் சனிக்கிழமை மாலை ரிச்சர்ட்சனின் கையைத் தடுத்தது எந்தப் பூட்டு? வாக்கு வாங்கியது செனட். அந்த வாக்கைக் காத்தது அவர் நெஞ்சு அல்லவா?

அக்டோபரில் ஒரு ஞாயிறன்று அந்தப் பெரியவரை மீண்டும் நூலகத்தில் சந்தித்தோம். விசா அறிவிப்பை எதிர்த்து அங்கே வழக்குகள் தொடுக்கப்பட்டிருந்தன. வரியோ கட்டணமோ விதிக்கும் உரிமை காங்கிரசுக்கே உரியதென்று ஒரு தரப்பும், அயல்நாட்டார் நுழைவைத் தடுக்கக் காங்கிரசே தலைவருக்கு அதிகாரம் அளித்திருக்கிறதென்று மறு தரப்பும் வாதிடுவதை எடுத்துரைத்தோம். "ஒரு கையெழுத்தால் தொடங்கலாம் ஐயா, அது நிலைக்குமா என்பதை மற்ற இரண்டு அறைகளில் இருப்பவர்களும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்" என்றோம்.

அவர் சற்று நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "இரண்டாம் சாவி வைத்திருப்பவர் ஆபீசுக்கு வருகிறாரா என்று யார் சார் பார்ப்பது?" என்றார். நூலகம் மூடும் நேரமாகிவிட்டது. இருவரும் பேசிக்கொண்டே பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம்.